அடிப்படை வாடை

ஆம்பூரில் தோல்கிடங்குத் தெருவின் கோடியில் ஓடும் கால்வாய்க்கு வாடை உண்டு என்பது வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. தெருக்காரர்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து மூக்கோடு சேர்ந்தே வளர்ந்த ஒன்றை மூக்கு எப்படித் தனியாகக் கண்டுபிடிக்கும்? தோல் பதனிடும் டேனரிகளில் நடக்கும் வேலையைப் பொறுத்து ஒருநாள் தண்ணீர் நீலமாக வரும், ஒருநாள் பழுப்பாக வரும். தெருக்காரர்கள் அதைப் பார்த்து, "இன்னைக்கு நீலம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அஃப்ஸர் ஜஹானும் அதற்கு மேல் யோசித்தது கிடையாது.

அவள் யோசிக்க நேர்ந்தது ஒரு ரொட்டியால்.

ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமாருக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் அதுவரை தால்ச்சாவும் குருமாவும்தான் பேசப்பட்டு வந்தன. மாதிரிச் செருப்புகளோடு இத்தாலிக்குப் போய்வந்த ஒரு மேனேஜரின் மனைவி, ஒருநாள் 'சவர்டோ' என்ற ரொட்டியைக் குழுவுக்கு அறிமுகம் செய்தாள். அதற்குக் கடையில் வாங்கும் ஈஸ்ட் கூடாது. மாவும் தண்ணீரும் கலந்து பாட்டிலில் வைத்தால் தானாகப் புளித்து, தானாகப் பொங்கும். அந்தப் புளித்த மாவுக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். தினமும் அதில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டுப் புது மாவு போட வேண்டும். ஊருக்குப் போனால் யார் பொறுப்பிலாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். பெயர் வைக்க வேண்டும். முக்கியமாக, படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும்.

அந்த மாதத்திலேயே குழுவில் பிரியாணிப் பேச்சு அடங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் பிரியாணிப் படம் போட்ட ஒருத்தியை, "சிஸ்டர், இது ஹெல்தி குரூப்" என்று அட்மின் பகிரங்கமாகக் கண்டித்தாள்.

அஃப்ஸர் ஜஹான் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து ஆரம்பித்தாள். மகள் சானியா வேலூர் பாகாயத்துக்குப் படிக்கப் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்ட பிறகு, வீட்டில் "சாப்டியா?" என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் பாட்டிலைப் பார்ப்பாள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய, பாட்டிலின் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி எழும்பி, மேலே கொப்புளம் கொப்புளமாக விட்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கணவர் நிசார் அஹமது ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பவர். அவர்தான் அதற்கு நவாப் என்று பெயர் வைத்தார்.

"வேளாவேளைக்குச் சாப்புடுறார். பகலெல்லாம் தூங்கறார். பாதி சாப்பாட்டைக் கொட்ட வைக்கிறார். நவாப் இல்லாம வேற இன்னா?"

பிரியாணி தேக்சாவில் மாவை வைத்து, மூடி மேல் தணல் போட்டு, தம் கட்டி அவள் முதல் ரொட்டியைச் சுட்டாள். அறுத்துப் பார்த்து முகம் வாடினாள்.

"ஓட்டையே இல்லைங்க. பெரிய பெரிய ஓட்டையா வரணும். இது ரிஜெக்ட்."

நிசார் அஹமது ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து ஓட்டை இருந்தா ரிஜெக்ட்னு சொல்லிச் சம்பளம் வாங்கிட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தா ஓட்டை இல்லேன்னா ரிஜெக்ட். நான் எந்தக் கண்ணால பாக்கறது?"

பக்கத்து வீட்டு மோகனா எட்டிப் பார்த்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். "ஏன்க்கா, இது நம்ம இட்லி மாவு விஷயம்தானே?"

"மெதுவா பேசு மோகனா. காதுல விழுந்தா இன்னைக்குப் பொங்க மாட்டார்."

கொட்ட மனசில்லாமல் மிச்ச மாவில் ஒரு கரண்டியை மோகனாவுக்கே கொடுத்தாள். அவளும் ஒரு பாட்டிலில் போட்டுத் தீனி வைத்து வளர்த்தாள்.

இந்த நேரத்தில்தான் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நல்ல ஸ்டார்ட்டர் பழுத்த ஆப்பிளும் தயிரும் கலந்தாற்போல் மணக்குமாம். கெட்டுப்போனது அழுக்கு சாக்ஸ் மாதிரி நாறுமாம். அஃப்ஸர் ஜஹான் உடனே நவாபை மோந்து பார்த்தாள். அழுக்கு சாக்ஸ்! ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆப்பிளை எடுத்து மோந்தாள். அதுவும் அழுக்கு சாக்ஸ். அத்தர் பாட்டிலைத் திறந்தாள். அழுக்கு சாக்ஸ். கடைசியில் ஒன்றையும் கையில் எடுக்காமல் சும்மா மூச்சை இழுத்தாள்.

கல்யாணமாகி வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்குக் கால்வாய் வாடை அடித்தது.

அன்றே செல்போனில் அரசுப் புகார் எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். "ஐயா, எங்கள் தெருக் கால்வாயின் வாடை காரணமாக என் ஸ்டார்ட்டரை மோந்து பார்க்க முடியவில்லை. ஆவன செய்யவும்."

வட்டார வாடைக் கட்டுப்பாடு மற்றும் நறுமண மேம்பாட்டு அலுவலகம் என்ற ஒன்று இருப்பதே, அங்கிருந்து ஜீப் வந்து நின்றபோதுதான் தெருவுக்குத் தெரிந்தது. ஜீப்பிலிருந்து வாடை ஆய்வாளர் பஞ்சாட்சரம் மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார். பின்னால் உதவியாளர் வசந்த், தலைமுடி உலர்த்தும் மெஷினைப் போல இருந்த வாடைமானியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அஃப்ஸர் ஜஹான் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களைக் கால்வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள். வசந்த் மானியை நீட்டினார்.

"ஜீரோ சார்."

"சார், நல்லா பாருங்க. இன்னைக்கு நீலம் வேற."

"நிறம் எங்க அதிகாரத்துக்குள்ள வராதும்மா. அதுக்குத் தனி அலுவலகம். நாங்க வாடை மட்டும்தான்."

"உங்களுக்கு வாடை அடிக்கலியா சார்?"

"எனக்கு அடிக்குதா இல்லையாங்கறது சாட்சி ஆகாதும்மா," என்றார் பஞ்சாட்சரம், கைக்குட்டையை எடுக்காமலே. "மெஷினுக்கு அடிக்கணும். இந்த மெஷின் வந்த புதுசுல, ஊர் எல்லையைத் தாண்டினதுமே கூச்சல் போட ஆரம்பிச்சுது. பேட்டரி தாங்கலை. மேலிடத்துல கமிட்டி போட்டாங்க. ஒவ்வொரு ஊருக்கும் இயற்கையா ஒரு வாடை இருக்கு, அது அந்த ஊரோட அடிப்படை வாடை, அதைக் கழிச்சுட்டு மேல ஜாஸ்தியா இருந்தாத்தான் குற்றம்னு முடிவாச்சு."

"அப்ப இந்தக் கால்வாய்?"

"அதுதாம்மா அடிப்படை."

அஃப்ஸர் ஜஹான் கால்வாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சரி, போய்விடுவார்கள் என்று நினைத்தாள். பஞ்சாட்சரம் போகவில்லை. கடமையில் நம்பிக்கை உள்ளவர். "புகார் வந்திருக்கு. புகார் வந்தா வாடை இருந்தாகணும். எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்காம நான் ஜீப்புல ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மானியைத் தெருவில் திருப்பினார். அது அஃப்ஸர் ஜஹானின் வீட்டுப் பக்கம் திரும்பியதும் லேசாக முனகியது. வாசலில் நின்றதும் விசில் அடித்தது. சமையலறையில் நுழைந்து ஜன்னலோரத்து ஊறுகாய் பாட்டிலுக்கு எதிரே போனதும் ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது.

"இது இன்னா?"

"நவாப் சார். மாவும் தண்ணியும்தான்."

"மாவும் தண்ணியும் சும்மா இருக்கும். இது ஏன் கொப்புளம் விடுது?"

"உள்ள உயிர் இருக்கு சார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்."

"எத்தனை?"

"கோடிக்கணக்கில இருக்கும்னு வீடியோவில சொன்னாங்க."

பஞ்சாட்சரம் வசந்தைப் பார்த்தார். வசந்த் பேனாவைத் திறந்தார்.

"இந்தக் கோடிக்கணக்கான பேரும் சும்மா இருக்காங்களா, வேலை செய்றாங்களா?"

பெருமை அஃப்ஸர் ஜஹானின் வாயை முந்திக்கொண்டது. "ராவும் பகலும் வேலை செய்யுது சார்!"

"நைட் ஷிப்ட் உண்டு. எழுதிக்கோ. கூலி?"

"தினம் ரெண்டு கரண்டி மாவு போடறேன்."

"கோடிப் பேருக்கு ரெண்டு கரண்டி. எழுதிக்கோ. பத்துப் பேர் வேலை செஞ்சாலே ஃபேக்டரிம்மா. நீங்க இந்தப் பேட்டையிலேயே பெரிய ஃபேக்டரியை ஒரு அனுமதியும் இல்லாம ஜன்னலோரத்துல நடத்திட்டிருக்கீங்க. கழிவு உண்டா?"

"பாதியை எடுத்துக் கொட்டிடுவேன் சார்."

"எங்கே?"

"சிங்க்ல."

"சிங்க் எங்கே போகுது?"

அஃப்ஸர் ஜஹான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "கால்வாய்க்கு."

பஞ்சாட்சரம் நீளமாகப் பெருமூச்சு விட்டார். "பாத்தியா வசந்த்? கால்வாயைக் கெடுக்கிறது யாருன்னு நம்ம அலுவலகம் எத்தனை வருஷமா தேடுது!"

கூட்டத்தோடு வந்து நின்ற மோகனாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க வீட்டு இட்லி மாவும் இதேமாதிரிதான் பொங்குது. அதையும் பிடிப்பீங்களா?"

"இட்லி மாவு பண்பாடு. இது தொழில்."

"ரெண்டுத்துக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

"உங்க இட்லி மாவுக்குப் பேர் வெச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"அதான் வித்தியாசம்."

நவாபைப் பூட்டி முத்திரை வைப்பதென்று தீர்மானமாயிற்று. வசந்த் பாட்டில் மூடியை இறுகத் திருகி, சுற்றிலும் துணி கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, அதன்மேல் அரசு முத்திரையை அழுத்தினார்.

"சார், இறுக்கி மூடாதீங்க. அவர் மூச்சு விடணும்," என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

"முத்திரை வெச்ச பிறகு மூச்சு விடறதா இருந்தா முறைப்படி மனு கொடுக்கட்டும்."

ஜீப் போன பிறகு நிசார் அஹமது தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை பாக்கறவன் வீட்ல பொல்யூஷன் கேஸ். செருப்பு வாங்கற வெளிநாட்டு பையருக்குத் தெரிஞ்சா இன்னா நினைப்பான்? என் வேலை போச்சு. பேஜார் பண்ணிட்டியே." சொல்லிவிட்டு, பாட்டிலைப் பார்த்து, "அதுக்குச் சாப்பாடு?" என்றும் கேட்டார்.

மறுநாள் நல்ல வெயில். மதியத் தொழுகை முடிந்து நிசார் அஹமது சாப்பிட உட்கார்ந்தபோது, சமையலறையில் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மூடி புகைபோக்கியில் போய்ச் செருகியிருந்தது. அரசு முத்திரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. நவாப் கூரையில் ஒட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தார்.

தகவல் எப்படியோ போய்ச் சேர்ந்து, சாயங்காலமே பஞ்சாட்சரம் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று விசாரணையைத் தொடங்கினார்.

"அரசு முத்திரையை உடைச்சது யாரு?"

"நவாப்தான் சார்," என்றாள் அஃப்ஸர் ஜஹான், அழுத கண்களோடு.

"இப்ப எங்கே அவர்?"

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். விரலை உயர்த்தி மேலே காட்டினாள்.

பஞ்சாட்சரத்தின் முகம் மாறியது. அலுவலகத்தில் அன்று வேறு பல கோப்புகள் பார்த்துவிட்டு வந்தவருக்கு எந்த நவாப் என்பது சட்டென்று பிடிபடவில்லை. கைக்குட்டையை முதல்முறையாக மூக்கிலிருந்து எடுத்தார். "அடடா. எப்பம்மா?"

"மதியம்."

"வயசு?"

"பிறந்து ஒரு மாசம்கூட ஆகலை சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வசந்த் காதில் விஷயத்தைச் சொன்ன பிறகும் அவர் இறங்கி வரவில்லை; எடுத்த துக்கத்தைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்பதுபோல நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "காலமானவர் மேல நடவடிக்கை எடுக்க முடியாது. வாரிசு யாராச்சும் உண்டா?"

அஃப்ஸர் ஜஹானுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கார் சார்! பக்கத்து வீட்ல, மோகனாகிட்ட!"

தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்த மோகனா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் தீவிர யோசனையில் ஆழ்ந்தார். வாரிசு என்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசு கோடிக்கணக்கில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதா, மொத்தமாக ஒன்று கொடுத்தால் போதுமா? இது தன் அதிகாரத்துக்கு மேற்பட்ட விஷயம் என்று அவருக்குப் பட்டது. மேலிடத்துக்கு எழுதினார். மண்டல இணை இயக்குநர் அமிர்தவள்ளி நேரில் வந்து பார்வையிடுவதாகப் பதில் வந்தது.

இணை இயக்குநர் நடக்கிற வழியில் எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது அலுவலக மரபு. எனவே டேனரிகளுக்கு அலுவலகத்திலிருந்தே முன்கூட்டிச் சேதி போயிற்று. அவை தண்ணீரை நிறுத்தின. ஜேசிபி வந்து கால்வாயில் உறைந்து கிடந்ததை வாரிக்கொண்டு போயிற்று. லாரி லாரியாக நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் தூவி, அதையும் கழுவினார்கள்.

அமிர்தவள்ளி வரவேண்டிய அன்று காலை, அஃப்ஸர் ஜஹான் வழக்கம்போல் மோகனா வீட்டுக்குப் போய் வாரிசு பாட்டிலைத் திறந்தாள். பழுத்த ஆப்பிள் வாசனை. அதற்கடியில் லேசாகத் தயிர். அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள். ஜன்னல் வழியாக எங்கோ ஒரு வேப்பமரம் பூத்த வாசனைகூட வந்தது. இந்தத் தெருவில் வேப்பமரம் இருக்கிறதா என்ன?

"மோகனா, இங்க வாயேன். மோந்து பாரு."

மோகனா மோந்து பார்த்தாள். இரண்டு பேரும் பாட்டிலை மாற்றி மாற்றி மோந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அமிர்தவள்ளி தலை நிறைய மல்லிகைப் பூவோடு வந்து இறங்கினார். ஆய்வுக்கு முன்னால் ஊரின் அடிப்படை வாடையைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. வசந்த் கால்வாய்க்கரையில் நின்று பதிவு செய்தார். மானி அங்கே இருந்ததை முழுவதும் கழித்துக்கொண்டது. அங்கே எதுவும் இல்லாததால், எதுவும் இல்லாததுதான் இனிமேல் ஆம்பூரின் அடிப்படை என்று ஆயிற்று.

அதன்பிறகு மானி வாயை மூடவில்லை. முதல் வீட்டுச் சாம்பாருக்கு அலறியது. இரண்டாம் வீட்டு ஊதுவத்திக்கு அலறியது. மோகனாவின் இட்லி மாவுக்கு, பண்பாடு என்றும் பாராமல் அலறியது. நிசார் அஹமதுவின் அத்தருக்கு அலறியது.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எழுதுங்க, எழுதுங்க," என்று அமிர்தவள்ளி கம்பீரமாக முன்னால் நடந்தார். மானி அவர் பின்னந்தலையைப் பார்த்தும் அலறியது. வசந்த் அவசரமாக அதை வேறு பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் தெருமுனைப் பிரியாணிக் கடை இருந்தது. அப்போதுதான் தம் உடைத்து தேக்சாவைத் திறந்திருந்தார்கள். மானி அலறி அலறி, கையிலேயே சூடாகிப் புகைந்தது.

அன்று மத்தியானம், ஆய்வு முடியும்வரை ஊரில் பிரியாணி தம் போடக் கூடாது என்று உத்தரவு ஒட்டப்பட்டது. ஆம்பூரில்!

பாஷை, ஜாதி, மதம் எதுவும் பார்க்காமல் ஊரே திரண்டது. மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த தொழிலாளர்கள்கூட இறங்கி வந்து நின்றார்கள். ஹெல்தி குரூப் அட்மின் முதல் வரிசையில் நின்று, "எங்க பசங்க இன்னா சாப்புடும்?" என்று கத்தினாள். மூடிய கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து மனு எழுதினார்கள். "எங்கள் ஊரின் பாரம்பரிய வாடையை உடனடியாகத் திருப்பித் தரும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

முதல் புகார் கொடுத்தவள் என்ற முறையில் முதல் கையெழுத்து அஃப்ஸர் ஜஹானுடையதாக இருக்க வேண்டும் என்றார் பஞ்சாட்சரம். அவரும் அதுவரை சாப்பிடவில்லை.

"வாடை போனது நல்லதுதானே? அதை ஏன் திருப்பிக் கேக்கணும்? மெஷினை மாத்துன்னு கேக்கலாமே?" என்றாள் அவள்.

மனு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். எல்லாரும் அந்தக் கேள்வியை மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"மெஷின் மாத்த டெண்டர் விடணும்மா," என்றார் பஞ்சாட்சரம்.

நிசார் அஹமது அவள் காதருகே குனிந்தார். "நீ சொல்றது கரெக்டுதான். ஆனா மணி ரெண்டாகப் போகுது."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மனுவின்மீது நடவடிக்கை எடுத்த வேகத்தில் அந்த அலுவலகம் அதுவரை எதன்மீதும் எடுத்ததில்லை. டேனரிகளுக்கு போன் போயிற்று. சாயங்காலத்துக்குள் கால்வாயில் நீலம் வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் பழுப்பும். சூடு ஆறிய மானியில் அடிப்படை புதிதாகப் பதிவாயிற்று. பிரியாணி, அத்தர், சாம்பார், மல்லிகை எல்லாவற்றுக்கும் ஜீரோ. அன்று கால்வாய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்ததால், நவாபின் வாரிசுக்கும் ஜீரோ. அமிர்தவள்ளி அங்கேயே, கால்வாய்க்கரையில், தோல்கிடங்குத் தெருவை மண்டலத்தின் முதல் வாடையற்ற தெருவாக அறிவித்தார். எல்லாருக்கும் பிரியாணி பரிமாறப்பட்டது.

அதற்கான விருதை அஃப்ஸர் ஜஹான் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அலுவலகத்தின் ஆண்டு மலரில் அட்டைப்படமாக வந்தது. அதிகாரிகள், தெருக்காரர்கள், பிரியாணி மாஸ்டர் என்று எல்லாரும் மூச்சை நன்றாக இழுத்து நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அஃப்ஸர் ஜஹான் மட்டும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

படத்தின் கீழே, "நாணத்துடன் விருது பெறும் இல்லத்தரசி" என்று போட்டிருந்தது.